காட்டுக்கு வெள்ளையடித்த கதை

லா நெப்லீனா,
ஞாயிறு, மே 9, 2004.

அன்பு மகன் காலோவுக்கு அம்மா செனெய்டா எழுதிக்கொள்வது. நானும் உன் தங்கை நார்சியும் பதினோரு கோழிகளும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய், பெற்றவளுக்கே காட்டை விற்கச் சொல்லிப் புத்திமதி எழுதும் அளவுக்கு உடம்பில் தெம்பிருக்கிறதே, அந்தத் தெம்பை சான் ரமோன் புனிதர் குறைவில்லாமல் உனக்குத் தரட்டும். இன்று அன்னையர் தினம், நீ காலையிலிருந்து கடை போனுக்குக் கூப்பிட்டுப் பார்த்திருப்பாய், கிடைத்திருக்காது, போன வாரம் மண் சரிந்து கம்பத்தையும் கம்பியையும் சேர்த்து ஆற்றுக்குள் கொண்டுபோய்விட்டது, அதனால்தான் கடிதம். கையெழுத்து என்னுடையது இல்லை, நான் சொல்லச் சொல்ல நார்சி எழுதுகிறாள், என் வலது கை முழங்கை வரை கட்டுப் போட்டுக் கிடக்கிறது, பயப்படாதே, ஏன் என்று வரும். தாளும் நான்கே நான்குதான் இருக்கிறது, நல்ல கெட்டித் தாள், நம் ஊர்க் கடையில் இப்படிக் கிடைக்காது, அதனால் பொடி எழுத்தாக எழுதச் சொல்லியிருக்கிறேன், நீ கண்ணைச் சுருக்கிக்கொண்டு படி. (அண்ணா, நான் நார்சி. அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் என் சரக்கு. அம்மாவின் கண்ணாடி உடைந்துவிட்டது, நான் எழுதுவதைப் படித்துப் பார்க்க முடியாது. பதினைந்து வயதில் ஒருத்திக்கு இதைவிடப் பெரிய அதிகாரம் கிடைக்குமா, சொல்.)

நீ அனுப்பிய பத்திரம் தவக்காலத்திலேயே பஸ் டிரைவர் கையில் பத்திரமாக வந்து சேர்ந்தது. அப்பா உன் பேரில் எழுதிவைத்த மேல்சரிவை மாட்டுக்கார எலோய்க்கு விற்க செகுந்தோ மாமாவுக்கு அதிகாரம் கொடுத்து, தூதரக முத்திரை குத்தி, கீழே உன் கையெழுத்தும் போட்டிருந்தது, சின்ன வயதில் வீட்டுப்பாடத்தில் இவ்வளவு அழகாக எழுதியிருந்தால் வாத்தியார் உன் காதை விட்டுவைத்திருப்பார். கூடவே வைத்திருந்த கடிதத்தையும் நார்சி படித்துக் காட்டினாள். "பறவை சோறு போடாதும்மா, எலோய் கேக்கறப்பவே தள்ளிவிட்டுட்டு ரெண்டு பேரும் இங்க வந்துருங்க, எல்லாரும் ஒண்ணா இருக்கலாம்" என்று எழுதியிருக்கிறாய். அடேயப்பா. பிளாஸ்டிக் கூரைக்கடியில் நாள் முழுக்க லெட்டூஸ் கீரையைப் பெட்டியில் அடுக்குகிறவன், நான்காவது மாடியில் ஒரு அறையில் மூன்று பேரோடு முதுகு ஒட்டிப் படுக்கிறவன், அவன் எனக்குக் காட்டைப் பற்றிச் சொல்லித் தருகிறான். மேல்சரிவில்தான் ஊருக்கே குடிக்கிற ஊற்று இருக்கிறது என்பது கடல் தாண்டி முர்சியாவுக்குப் போகும் விமானத்தில் மறந்துபோய்விட்டதா? எலோய் அதை வாங்கினால் மரத்தை எல்லாம் சாய்த்துவிட்டுப் புல் போடுவான், அவன் மாடு ஊற்றில் நின்று மூத்திரம் பெய்யும், அதைத்தான் நாங்கள் பானையில் பிடிக்க வேண்டும். அவன் பாவாடைக்கோ சட்டைக்கோ ஆசைப்பட்டால் கொடுத்துவிடலாம், ஊற்றுக்கு ஆசைப்படுகிறான். (அம்மா "சட்டைக்கோ" என்றுதான் சொன்னாள். பாவாடை நான் போட்டது. எலோயை அதில் நினைத்துப் பார்த்தேன், தாங்கவில்லை.)

செகுந்தோ மாமாவை உனக்குத் தெரியும், என் கூடப் பிறந்தவன், பாதி வயதை மோட்டார் ரம்பத்தோடு கழித்தவன், இன்றைக்கும் ஒரு மரத்தைக் காட்டினால் அதன் பேர் தெரியாது, எத்தனை பலகை தேறும் என்று மட்டும் சொல்லுவான். பத்திரம் வந்த மறுநாளே தலையை வாரிக்கொண்டு வந்து நின்றான். "குடுக்கா, நோட்டரிகிட்ட போய்ட்டு வந்துடறேன், பையனே கையெழுத்துப் போட்டுட்டான், ஒனக்கு என்ன வந்துச்சு?" என்றான். நான் அவனிடம் ஒரு பேச்சு பேசினேன். மே முதல் வாரத்தில் தலைநகரத்திலிருந்து டூர் கம்பெனிக்காரர்கள் நம் காட்டையும் அதிலிருக்கிற பறவையையும் பார்க்க வருகிறார்கள், அவர்கள் தங்கள் பயணப் பட்டியலில் நம் ஊரைச் சேர்த்துக்கொண்டால் மேல்சரிவு நிற்கும், வேண்டாம் என்று போய்விட்டால் நானே பத்திரத்தை அவன் கையில் வைக்கிறேன் என்று உன் அப்பா படத்துக்கு முன்னால் நின்று சொன்னேன். அப்பா படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார், அவருக்கென்ன, அவருக்குத் தண்ணீர் தாகம் எடுக்கப்போவதில்லை. ஆக ஒரு குருவி வருமா வராதா என்பதில்தான் உன் அப்பாவின் நிலம் தொங்கியது, அதை நினைத்தால் எனக்கே என் மேல் கேவலமாக இருக்கிறது.

இந்தப் பறவை பார்க்க வருகிறவர்களைப் பற்றி நான் உயர்வாக எதுவும் சொல்லப்போவதில்லை. நீ இருந்தபோது மாதத்துக்கு ஒருவன் வந்தான், இப்போது வாரம் ஒரு கூட்டம். ஆயிரம் பாக்கெட் வைத்த சட்டை, அதில் ஒரு பாக்கெட்டில்கூட சீப்பு இருக்காது. சொந்த ஊரில் தூங்க மெத்தை இருக்கிறவர்கள், இங்கே வந்து இருட்டோடு எழுந்து ஈரத்தில் குந்திக்கொண்டு ஒருவர் வாயை ஒருவர் பொத்திக்கொள்கிறார்கள். பச்சையும் மஞ்சளுமாக ஒரு பறவை மூக்குக்கு முன்னால் வந்து உட்கார்ந்தால் "இது நேத்தே பாத்தாச்சு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், சேற்றுக்குள் ஏதோ பழுப்பாக அசைந்தால் மூச்சு நின்றுவிடுகிறது. பார்த்தது போதாதென்று நோட்டில் ஒரு கோடு வேறு போட வேண்டும், போடாவிட்டால் பார்த்ததாகக் கணக்கில்லையாம், நான் உன் அப்பாவோடு இருபத்தாறு வருஷம் இருந்தேன், ஒரு கோடு போட்டதில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் வாய் அழுகிப்போகும், இவர்கள் கொடுக்கிற நுழைவுக் காசில்தான் எட்டு வீட்டுக்காரர்களும் சரிவுகளை ஒன்றாகச் சேர்த்துக் காட்டுக் கூட்டு என்று வைத்திருக்கிறோம், எட்டு வீட்டு ரம்பமும் மூன்று வருஷமாகத் துருப்பிடித்துத் தொங்குகிறது. மேல்சரிவு போனால் நடுவில் ஓட்டை விழுந்த பாய் மாதிரி ஆகிவிடும், மற்றவர்களும் ஆளுக்கொரு பக்கம் கிழித்துக்கொண்டு போவார்கள்.

அவர்கள் எல்லாரும் உயிரை விடுவது உன்னுடைய அந்தக் கால்முட்டைக்காகத்தான். நீதானே அதற்கு அந்தப் பேர் வைத்தாய், முட்டைக்கு இரண்டு நீளக் கால் முளைத்த மாதிரி இருக்கிறது என்று. உருண்டையாக, பழுப்பாக, வால் என்பதே இல்லாமல், பறக்கச் சோம்பல்பட்டு மூங்கில் புதருக்குள் குதித்துக் குதித்துப் போகுமே, அதேதான். நீ போன பிறகு நான் இரண்டு வருஷமாகத் தினமும் விடிந்ததும் மண்புழு டப்பாவோடு போய், பாசி பிடித்த அந்தப் பட்டுப்போன மரக்கட்டையில் நான்கு புழு வைத்துக் கூப்பிட்டுப் பழக்கியிருக்கிறேன். இந்த வயதில் ஒரு வாலில்லாத ஜீவனுக்கு ஊட்டிவிடுகிற வேலை. (அண்ணா, அதற்கு இல்லாத வால் எல்லாம் எனக்குத்தான் வந்திருக்கிறது என்று அம்மா தினமும் சொல்கிறாள். அதனால் அதற்குத் தனியாக ஒரு செல்லப்பேர் நான்தான் வைத்தேன்: செகுந்தோ. குண்டு, குட்டைக் கழுத்து, கூப்பிட்டால் வராது, சாப்பாடு என்றால் வரும். மாமாவுக்கு இது தெரியாது. அதாவது, போன வெள்ளிக்கிழமை வரை தெரியாது.)

இனிமேல்தான் வெட்கக்கேடு. கம்பெனிக்காரர்கள் வியாழன் வருவதாகச் செய்தி வந்ததும் அதற்கு முந்தின ஞாயிறு ஊர்க்கூட்டுவேலைக்கு, நம் மிங்காவுக்கு, மணி அடித்தோம். வீட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள், பானையில் வாழைக்காய் உருண்டையும் காபியும் தயார். பாதையைச் செதுக்கினோம், கைப்பிடிக்கு மூங்கில் கட்டினோம், அதோடு நிறுத்தியிருக்கலாம், நிறுத்தத் தெரிந்தால் நம் ஊர்க்காரர்களா. பாதையில் இவ்வளவு குப்பை கிடக்கிறதே என்று யாரோ துடைப்பம் எடுக்க, பாதை முழுக்க, கட்டையைச் சுற்றி, மூங்கிலுக்கடியில், எங்கும் ஒரு இலை இல்லாமல் கூட்டித் தள்ளினோம். காட்டுக் கூட்டு என்று பேர் வைத்தோம், கடைசியில் காட்டைக் கூட்டியே விட்டோம். பிறகு நான் வாயைத் திறந்தேன். ஆமாம் நான்தான், செகுந்தோ இல்லை, எலோய் இல்லை, உன்னைப் பெற்ற இந்த மேதாவிதான். புனிதர் திருவிழாவுக்குக் கோயில் பாதை மரங்களுக்கு இடுப்பளவு வெள்ளையடிக்கிறோமே, இவர்கள் பிஷப்பை விடப் பெரிய ஆட்கள், மரத்தை அம்மணமாக நிற்க வைத்தா வரவேற்பது என்று கேட்டேன். ஒருவராவது "என்னக்கா பேசறே" என்று கேட்டார்களா? "அதானே!" என்றார்கள். பீப்பாயில் சுண்ணாம்பு கரைத்து, பாதையின் இரண்டு பக்கமும், பறவை பார்க்க உட்காருகிற கொட்டகையைச் சுற்றி, கட்டைக்குப் பின்னால் நிற்கிற மரங்கள், அந்தக் கட்டை, ஓரத்துக் கல்லுகள், எல்லாவற்றுக்கும் அடித்தோம். சாயந்தரம் மூடுபனி இறங்கும்போது நின்று பார்த்தேன், வெள்ளைவெளேரென்று முதல் நற்கருணைக்கு நிற்கிற பிள்ளைகள் மாதிரி மரங்கள் வரிசையாக நின்றன, எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. வெள்ளைக்காரர்களுக்குப் பிடிக்க வேண்டும் என்று காட்டையே வெள்ளையாக்கி வைத்திருக்கிறோம் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. திங்கள் காலை கால்முட்டை வரவில்லை. செவ்வாயும் இல்லை, புதனும் இல்லை. அப்போதும் நாங்கள் சுண்ணாம்பைச் சந்தேகப்படவில்லை, "அதுக்கு ஒடம்பு சரியில்ல போல" என்றான் உன் மாமா, ஏதோ அது இவனிடம் லீவு லெட்டர் கொடுத்துவிட்டுப் போன மாதிரி.

வியாழன் மத்தியானம் ஜீப் வந்தது. இறங்கியது இரண்டு பேர். ஒருத்தர் கம்பெனியின் தலைமை கைடு ஒஸ்வால்டோ, எல்லாரும் இன்ஜினியர் இன்ஜினியர் என்கிறார்கள், என்ன கட்டினார் என்று தெரியவில்லை, தொப்பைக்கு மேல் பெல்ட்டைக் கட்டியிருந்ததுதான் நான் பார்த்தது. இன்னொருத்தி ஹில்டா அம்மாள், இங்கிலாந்துக்காரி, எழுபத்தெட்டு வயது, ஒரு கையில் ஊன்றுகோல், கண்ணாடி பாட்டில் அடி மாதிரி. அந்தக் கம்பெனியில் வயதானவர்களை எங்கெங்கே கூட்டிக்கொண்டு போகலாம் என்று முடிவு செய்கிறவள் அவள்தான் என்று இன்ஜினியர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது, நம் ஊர்ப் பாதையில் ஆடே இரண்டு தடவை யோசிக்கும். பாதை முனையில் போய் நின்றதும் இன்ஜினியர் தலையில் கையை வைத்தார். "என்னம்மா இது, காட்டைக் காட்டுங்கன்னா கல்லறையைக் காட்டறீங்க? யாரு செத்துட்டா இங்க?" என்றார். மாமா மார்பை நிமிர்த்திக்கொண்டு "ஒங்களுக்காகத்தான் சார், ரெண்டு கோட்டு அடிச்சிருக்கோம்" என்றான். "ரெண்டு கோட்டா? இந்தப் பறவை இருட்டுல, அழுகின இலைக்குள்ள, யாரு கண்ணுலயும் படாம வாழற பறவை. அது வாழற வீட்டைக் கூட்டி, அது திங்கற புழுவைத் தூக்கிப் போட்டு, சுத்தி சுண்ணாம்பு அடிச்சு வெச்சிருக்கீங்க. பதினெட்டு வருஷமா கைடா இருக்கேன், இப்படி ஒரு முட்டாள்தனத்தை எந்த நாட்டுலயும் பாத்ததில்ல" என்றார். எனக்கு அந்த ஆளை அடியோடு பிடிக்கவில்லை, அவர் சொன்னது ஒவ்வொன்றும் சரி என்பதால் இன்னும் பிடிக்கவில்லை. ஜீப்பைத் திருப்பச் சொன்னார். ஹில்டா அம்மாள் இங்கிலீஷில் என்னவோ முனகினாள், முழங்கால் வலிக்கிறது, இன்றைக்கு இனி ஒரு அடி நகரமாட்டேன், விடியற்காலை ஒரே ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்கிறாள் என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு எங்களுக்குச் சொன்னார். ஒரு கிழவியின் முழங்கால்தான் அன்றைக்கு மேல்சரிவைக் காப்பாற்றி வைத்தது.

அன்று மத்தியானம் நாங்கள் செய்த வேலையை வெளியில் சொல்லாதே. ஞாயிறு கூட்டித் தள்ளிய குப்பையை வியாழன் சாக்கில் அள்ளிக்கொண்டு வந்து திரும்பக் கொட்டினோம். நான் கட்டையின் முன்னால் உட்கார்ந்து வெறும் கையால், மூடுபனியில் இன்னும் காயாத ஈரச் சுண்ணாம்பைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தேன், இருட்டும் வரை, செகுந்தோ "விடுக்கா, கை வெந்துரும்" என்று இரண்டு தடவை சொன்னான், மூன்றாவது தடவை சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து அவனும் தேய்த்தான். அதை எழுது நார்சி, அதையும் எழுது, அவன் நல்லது செய்கிறது வருஷத்துக்கு ஒரு தடவை. கட்டை ஒருவழியாகக் கட்டை நிறத்துக்கு வந்தது, பின்னால் நின்ற மரங்களுக்கு நேரமில்லை, அவை வெள்ளையாகவே நின்றன. என் கை கொப்பளித்துவிட்டது, சுகாதார நிலையத்து நர்ஸ் கட்டுப் போட்டாள், ஆறிக்கொண்டு வருகிறது. (அண்ணா, கை நன்றாகவே வெந்திருந்தது, அம்மா அழவில்லை. இன்ஜினியரைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள், வலிக்க வலிக்கப் புதுப் புது வார்த்தை வந்தது. ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், வயது வந்ததும் உபயோகிக்க.)

வெள்ளி விடிந்ததும் போனோம். ஓடையைத் தாண்ட ஹில்டா அம்மாளால் முடியவில்லை, மாமா அவளை முதுகில் தூக்கிக்கொண்டான், "ஒரு பலகை கனம்கூட இல்ல இந்தம்மா" என்றான், அவன் யாரைப் புகழ்ந்தாலும் இப்படித்தான். கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்தோம், இன்ஜினியர் காமிராவைக் கட்டைக்கு நேராக நிறுத்திவிட்டு வாட்சைப் பார்த்தார், மாமா புழு டப்பாவோடு பின்னால் நின்றான். நான் இடது கையால் புழுவை வைத்துவிட்டு வந்து வழக்கம்போல மெதுவாகக் கூப்பிட்டேன். "செகுந்தோ, வாடா குண்டா, திங்க வா." பின்னாலிருந்து "என்னக்கா?" என்று பதில் வந்தது. "ஒன்னை இல்ல" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "செகுந்தோ, சோம்பேறி, எங்க ஒளிஞ்சிருக்கே?" என்றேன். "இங்கதானே நிக்கறேன்!" என்றான். நார்சி வாயில் ஸ்வெட்டரைத் திணித்துக்கொண்டு குலுங்கியதைப் பார்த்ததும்தான் அவனுக்கு விளங்கியது. அவன் முகம் போன போக்கை நான் சொல்லமாட்டேன், ஆனால் கத்தவில்லை, காட்டில் கத்தக்கூடாது என்று அவனே போர்டு எழுதி வைத்திருக்கிறான். அரை மணி நேரம் ஒன்றுமில்லை. இன்ஜினியர் காமிராவின் மூடியைப் போட்டார். எனக்கு உள்ளுக்குள் எலோயின் மாடு ஒவ்வொன்றாக ஊற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. அப்போது மூங்கிலுக்குள்ளிருந்து அந்தக் குரல், பாட்டில் வாயில் ஊதுகிற மாதிரி, நீ சின்ன வயதில் ஊதிக் காட்டுவாயே, அது.

இன்ஜினியர் மூடியைக் கழற்றிக் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார், நானும் கட்டையைத்தான் பார்த்தேன். கட்டைக்கு அது வரவில்லை. ஹில்டா அம்மாள்தான் ஊன்றுகோலைத் தூக்கி வேறு பக்கம் நீட்டினாள், கட்டைக்குப் பின்னால், வெள்ளையடித்த மரங்களின் முன்னால். அங்கே நம் கால்முட்டை, திருவிழா ஊர்வலத்தில் பணக்காரி நடக்கிற மாதிரி, ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நிதானமாக நடந்து போனது, வெள்ளைக்கு முன்னால் அந்தப் பழுப்பு உருண்டையும் இரண்டு காலும் வெட்டி ஒட்டின மாதிரி தெரிந்தது. அப்புறம்தான் கட்டைக்கு வந்து நான்கு புழுவையும் முடித்துவிட்டு, நன்றிகூடச் சொல்லாமல் போனது, பேருக்கு ஏற்ற குணம். அந்த அம்மாள் அழுதுகொண்டிருந்தாள். ஒரு வாலில்லாத பழுப்புக் குருவிக்கு. என்ன ஆயிற்று என்று கேட்டோம், அவள் சொன்னதை இன்ஜினியர் எங்களுக்குச் சொல்லும்போது அவர் குரலே ஒரு மாதிரி இறங்கிவிட்டது. பதினோரு வருஷமாகக் கண் மங்கிக்கொண்டே வருகிறதாம். மூன்று நாட்டில் மூன்று கைடுகள் இந்தப் பறவையைக் காட்டினார்களாம், "அதோ, அந்த இலைக்குப் பக்கத்துல, தெரியுதா?" என்று. இருட்டில் பழுப்புக்குள் பழுப்பு, ஒன்றும் தெரியாதாம், எல்லாரும் தனக்காகக் காத்திருக்கிறார்களே என்ற வெட்கத்தில் "தெரியுது தெரியுது, எவ்வளவு அழகு" என்று மூன்று தடவையும் பொய் சொல்லி நோட்டில் கோடு போட்டுக்கொண்டாளாம். இன்றைக்குத்தான் பார்த்தாளாம். மற்றவர்களுக்கு முன்னால், தானே. எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது, அது கை எரிந்ததால் வந்தது, வேறொன்றும் இல்லை. (எரிந்தது ஒரு கை. தண்ணீர் வந்தது இரண்டு கண்ணிலும். இதையும் பதிவு செய்கிறேன்.)

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. இன்ஜினியர் திண்ணமாகச் சொன்னார், இந்த இடம் தகுதியில்லை, சுண்ணாம்பு எல்லாம் கழுவி ஒரு வருஷம் போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று. ஹில்டா அம்மாள் கண்ணைத் துடைத்துவிட்டு அவரைப் பார்த்த பார்வையில் அவர் பெல்ட் ஒரு துளை இறங்கியது. தன்னோடு வருகிறவர்கள் எல்லாரும் தன்னை மாதிரிதான், பாதிப் பேருக்குக் கண் தெரியாது, பாதிப் பேர் தெரிந்ததாகப் பொய் சொல்கிறார்கள், அக்டோபரிலிருந்து இந்த ஊரைப் பட்டியலில் சேர்த்துக்கொள், பாதைச் சுண்ணாம்பை மழை கழுவட்டும், கட்டைக்குப் பின்னால் இருக்கிற மூன்று மரத்தின் வெள்ளை மட்டும் இருக்க வேண்டும் என்றாள். பதினெட்டு வருஷ கைடு தன் கையாலேயே நோட்டில் "சுண்ணாம்பு: மூன்று மரம், அழிக்கக்கூடாது" என்று எழுதினார், எழுதும்போது பேனாவை அழுத்தியதில் தாள் கிழிந்தது. உன் மாமா அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "சார், பறவை பேரையும் எழுதிக்குங்க. செகுந்தோ. அது எங்க குடும்பப் பேரு" என்றான். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அவமானமாக இருந்தது அதற்குள் குடும்பப் பேர் ஆகிவிட்டது. நேற்று அவர்கள் போன பிறகு எலோய் குதிரையில் வந்து, "பத்திரம் ரெடியா, நோட்டரிகிட்ட போலாமா?" என்று வாசலில் நின்று கேட்டான். குதிரையிலிருந்து இறங்கக்கூட இல்லை, நான் இடது கையால் சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தேன், நிமிரவில்லை. செகுந்தோதான் பதில் சொன்னான். "என் பேர்ல ஒரு பறவை இருக்குய்யா, இங்கிலாந்து வரைக்கும் தெரியும். ஒன் பேர்ல என்ன இருக்கு, சாணியா?" என்றான். எலோய் போய்விட்டான். அவன் ஊற்றின் கரையில் ஏற்கெனவே நட்டு வைத்திருந்த வேலிக்கம்புகளை உன் மாமாவே பிடுங்கி அடுப்புக்குக் கொண்டுவந்தான், நல்ல காய்ந்த கம்பு, இன்றைக்குப் பருப்பு அதில்தான் வெந்தது.

இதனால் நாம் பணக்காரர் ஆகிவிடப்போவதில்லை காலோ, அதை நானும் சொல்லிவிடுகிறேன், கண் தெரியாத கிழவிகள் வந்து பார்த்துவிட்டுப் போகிற காசில் முர்சியாவில் வீடு வாங்க முடியாது. ஒன்றாக இருக்கலாம் என்று நீ எழுதியதை நான் மூன்று தடவை படிக்கச் சொன்னேன், திட்டுவதற்கு இல்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு யாரோடு உட்காருகிறாய் என்று நீ எழுதுவதே இல்லை, எழுதாததையும் எனக்குப் படிக்கத் தெரியும். ஆனால் நான்காவது மாடியில் குழாயைத் திறந்து அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் குடிக்க என்னால் முடியாது. உனக்கு ஒன்பது வயதில் அப்பாவும் மாமாவும் மேல்சரிவை வெட்ட ரம்பத்தோடு போன நாள் ஞாபகம் இருக்கிறதா? நீ அதே கட்டையில் உட்கார்ந்து, கண்ணில் படாத ஒன்றுக்கு பாட்டிலில் ஊதிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாய், அது திரும்ப ஊதியது, நீ ஊதினாய், அப்பா சாப்பாட்டு நேரம் முடியட்டும் என்று உட்கார்ந்தவர் சாயந்தரம் வரை எழுந்திருக்கவில்லை. ரம்பம் அன்றைக்குப் புகை விடவே இல்லை, அப்புறமும் அங்கே விடவில்லை. அதனால்தான் அதை என் பேரில் எழுதாமல் உன் பேரில் எழுதினார். எனக்கு அதில் இன்னும் கோபம்தான்.

தாள் முடியப்போகிறது. குளிரில் கழுத்துக்குத் துணி சுற்றிக்கொள், லெட்டூஸை மட்டும் தின்று வயிற்றை நிரப்பாதே, ஞாயிற்றுக்கிழமையாவது யார் வீட்டிலாவது சூடாக ஒரு சூப் கேட்டு வாங்கிக் குடி, கேட்பது கேவலமில்லை. ஆண்டவரும் அன்னை மரியாளும் சான் ரமோனும் உன் கூடவே நான்காவது மாடி ஏறி வரட்டும், அவர்களுக்கும் முழங்கால் வலிக்கட்டும். கடைசியாக ஒன்று, உன் பத்திரத்தை என்ன செய்தேன் என்று இன்னும் சொல்லவில்லை அல்லவா. தொலைக்கவில்லை, கிழிக்கவில்லை, உன்னிடமே பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறேன். இந்த நான்கு தாளையும் திருப்பிப் பார். முத்திரையும் உன் கையெழுத்தும் அந்தப் பக்கம் அப்படியே இருக்கிறது. இனி இதை வைத்து விற்க வேண்டுமென்றால் நோட்டரி நான் சொன்னது முழுவதையும் படித்து முடித்துவிட்டுத்தான் விற்க வேண்டும். நிலம் உன்னுடையது, புதிதாக ஒன்று எழுதி அனுப்பினால் நான் மறிக்கமாட்டேன், அப்பா மேல் சத்தியம். ஆனால் அதை எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவை வந்து உட்கார், காலை ஆறே கால், மூன்று வெள்ளை மரம், பாட்டிலை நான் கழுவி வைத்திருக்கிறேன்.

உன்னைப் பெற்று, வளர்த்து, இன்னும் திட்டிக்கொண்டிருக்கும்,
அம்மா செனெய்டா
(இடது கைப் பெருவிரல் ரேகை)

(அண்ணா, தாளைத் திருப்புவது என் யோசனை, உத்தரவு அம்மாவுடையது. எலோயின் மாடு ஊற்றில் நிற்கிற வரி உன் கையெழுத்துக்கு நேர் பின்னால் வருகிற மாதிரி தாளை எண்ணி அடுக்கியதும் நான்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார், உன் பேருக்கு மேலேயே பெய்துகொண்டிருக்கும்.)